கூரை மின்விசிறி: தேர்வும் பராமரிப்பும்

கோடை நெருங்கும்போது மின்விசிறி வாங்கச் செல்லும் அங்கத்தினர்களில் பலர் கடையில் விலையை மட்டும் விசாரித்து வாங்கிவிடுகின்றனர். விசிறிக்கு நாம் கொடுக்கும் பணம் இரு வகைப்படும். கடைக்காரரிடம் ஒருமுறை கொடுப்பது ஒன்று. அது சுழலும் காலமெல்லாம் மின்சாரத்திற்காகக் கொடுத்து வருவது மற்றொன்று. பின்னதைக் கணக்கிடுவோர் சிலரே.

பழைய முறை மோட்டார் பொருந்திய 1200 மில்லிமீட்டர் விசிறி, அதாவது 48 அங்குல விசிறி, முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் கொள்ளும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், 60 நாட்களுக்கு 54 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும் காந்த மோட்டார் விசிறியோ ஏறத்தாழ 30 வாட்டில் அதே அளவு காற்றைத் தரும். 60 நாட்களுக்கு 22 யூனிட்டுக்கும் குறைவே. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டில், வீட்டு இணைப்புகளுக்கு இரு திங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி என்று ஆயிற்று. பழைய விசிறிகள் இரண்டு ஓடும் வீட்டில் அவ்விரண்டு மட்டுமே அந்த நூறைக் கடந்துவிடும்.

2023 சனவரி முதல் தேதியிலிருந்து கூரை விசிறிகளுக்கு நட்சத்திரச் சீட்டு கட்டாயமாயிற்று. நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல், ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்னும் எண்ணையும் அதில் படித்தல் வேண்டும். கடைக்காரர் நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்று புகழ்வார். சுற்று மிகுந்ததனால் மட்டும் காற்று மிகுந்துவிடாது; இறக்கையின் நீளமும் சாய்வும் கூடியே காற்றைத் தள்ளுகின்றன.

காந்த மோட்டார் விசிறிக்கும் குறை உண்டு. அதனுள் இருக்கும் மின்னணுத் தகடு பழுதானால், உள்ளூரில் காயில் கட்டுபவரால் பெரும்பாலும் சரி செய்ய இயலாது. ஆகவே உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்க்கும் இடம் எங்குள்ளது என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். சுவரில் உள்ள சாதாரண ரெகுலேட்டரை அதற்குப் பயன்படுத்தலாகாது.

பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 1200 மில்லிமீட்டர் போதும். மிகச் சிறிய அறைக்கு 900 தகும். இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் அவசியம். கூரையோடு ஒட்டியிருந்தாலும் பயனில்லை; மேலிருந்து காற்றை இழுக்க ஓரடியளவேனும் இடைவெளி வேண்டும். தறிக்கூடத்தில் விசிறியை நெய்பவருக்கு நேராக மாட்டுக, பாவுக்கு நேராக அன்று. பாவு காய்ந்தால் இழை அறும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை!

கொக்கியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கைந்து கிலோ எடையுள்ள பொருள் சுழன்றுகொண்டே நம் குழந்தைகளின் தலைக்குமேல் தொங்குகிறது. ஓட்டு வீட்டில் அதனை உத்திரத்தில் மாட்ட வேண்டுமேயன்றி, ஓடு தாங்கும் மெல்லிய சட்டங்களில் மாட்டலாகாது. உத்திரத்தைக் கறையான் அரித்துள்ளதா என்று தட்டிப் பார்த்தல் நன்று. கம்பியின் இரு முனைகளிலும் உள்ள திருகாணிகள் கழன்றுவிடாமல் காப்பது ஒரு சிறு பிளவு ஊசியே. மாட்டுபவர் அவசரத்தில் அதனை விட்டுவிடுவதுண்டு. அவர் ஏணியை எடுக்குமுன் நாமே பார்த்துவிட வேண்டும்.

சென்ற கோடையில் எம் வீட்டுப் பழைய விசிறி மெல்ல மெல்லத் தளர்ந்து, கையால் தள்ளிவிட்டால்தான் சுழலும் நிலைக்கு வந்தது. பார்க்க வந்தவர் காயில் போய்விட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும் என்றார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் அண்டை வீட்டுப் பிள்ளை மேல் மூடியை இறக்கிக் கண்டென்சரை மாற்றினான். விசிறி முன்போல் ஓடிற்று. அது பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் அடங்கும் பொருள். பழைய முறை மோட்டாருக்குத் தொடக்க விசையைத் தருவது அதுவேயாதலின், அது நலிந்தால் விசிறி முனகும், தளரும். காயில் எரிந்திருந்தாலோ கருகிய நாற்றம் தோன்றும். 48 அங்குல விசிறிக்குப் பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வரும். பழையதில் அச்சிட்டுள்ள அதே அளவையே வாங்குக. வேகம் கூடும் என்று பெரிய அளவைப் பொருத்தினால் மோட்டார் சூடேறும். மாற்றுமுன் சுவிட்சை மட்டுமன்றி மெயினையும் அணைக்க வேண்டும்.

நூல் புழங்கும் வீட்டில் பஞ்சுத் துகள் இறக்கை விளிம்பில் விரைவில் படியும். மோட்டாரின் காற்றுத் துளைகளையும் அது அடைக்கும். திங்களுக்கு ஒருமுறை துடைத்தல் வேண்டும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி மெல்ல இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஒரு கையால் இறக்கையைத் தாங்கிக்கொள்க. வளைந்தால் விசிறி ஆடத் தொடங்கும். மூன்று இறக்கைகளும் ஒரே எடைப்படி சேர்த்து அனுப்பப்படுபவை; ஒன்று கெட்டால் வேறு விசிறியின் இறக்கையைப் பூட்டலாகாது. துடைப்பதற்காகத் தறிக்கட்டையின்மேல் ஏறி நிற்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தறிக்கும் கேடு, ஏறியவருக்கும் கேடு.

கரகரவென்ற ஓசை கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இக்காலத்து விசிறிகளில் பேரிங்குகள் பெரும்பாலும் மூடியிட்டவை. எண்ணெய் உள்ளே புகாது. ஊற்றிய எண்ணெய் காயிலில் வடிந்து, பஞ்சையும் இழுத்துக்கொள்ளும். அத்தகைய பேரிங்கை மாற்றுவதே முறை.