ஆளுக்கு வாக்கு, கேள்விக்கு வாக்கு

தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதே. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையும் அத்தகையதே. முதலாம் பராந்தகன் காலத்தில் வாரியப் பெருமக்களைக் குடத்திலிட்ட ஓலைகளால் தெரிந்தெடுத்தனர். ஆனால் ஆளை முன்வைக்காமல் ஒரு கேள்வியை முன்வைத்து, மக்களிடமே நேரில் விடை கேட்கும் தேர்தலும் உண்டு. அதனைப் பொது வாக்கெடுப்பு என்பர். சுவிட்சர்லாந்தில் அஃது ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1911ஆம் ஆண்டு முதல் அதற்குச் சட்டம் உண்டு. அங்கே 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தது சட்டமன்றமன்று, மக்கள் வாக்கு. இவ்விரண்டையும் பாடநூல்கள் விரிவாகவே கூறுகின்றன. ஆதலின் நமக்கு அண்மையில் நடந்தவற்றை மட்டும் நான் ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கோவா. போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்து 1961 டிசம்பர் 19இல் விடுபட்ட அந்நிலம், மகாராட்டிரத்துடன் இணைவதா, தனி ஒன்றியப் பகுதியாகவே இருப்பதா என்ற வழக்கு எழுந்தது. ஆட்சியில் இருந்த மகாராட்டிரவாதி கோமந்தக் கட்சி இணைப்பை வேண்டியது. ஐக்கிய கோவர் கட்சி எதிர்த்தது. முடிவை மக்களிடமே விடுவதென்று 1966இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிற்று. வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்கவேண்டும் என்பதற்காக முதலமைச்சர் தயானந்த் பந்தோட்கர் முன்கூட்டியே பதவி விலகினார். 1967 சனவரி 16இல் வாக்களிப்பு. இணைப்புக்குப் பூ, தனித்திருக்க இரண்டு இலைகள். (இரட்டை இலை என்றதும் நம்மவர் நினைவு வேறெங்கோ ஓடும்! அது திண்டுக்கல் இடைத்தேர்தலில் தோன்றியது 1973இல்தான்.) பூவுக்கு 1,38,170 வாக்கு, இலைகளுக்கு 1,72,191. வேறுபாடு 34,021. கோவா தனித்தே நின்றது. பின்னர் 1987 மே 30இல் தனி மாநிலமும் ஆயிற்று.

பலரும் இந்த அளவில் கதையை நிறுத்திவிடுவர். எனக்கு வியப்பளிப்பது இதற்கு அடுத்து நடந்தது. அதே 1967 மார்ச்சு மாதம் கோவாவில் சட்டமன்றத் தேர்தல். இணைப்பு வேண்டுமென்று கேட்டுத் தோற்ற அதே கட்சி 30 இடங்களில் 16ஐப் பெற்று வென்றது. பந்தோட்கர் மீண்டும் முதலமைச்சரானார். மூன்று மாதத்திற்குள் மக்கள் மனம் மாறிவிட்டதா? அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. 'நீர் எங்களை ஆளலாம்; ஆனால் எங்கள் நிலத்தை இன்னொன்றோடு சேர்க்கலாகாது' என்று அவர்கள் இரு வேறு விடை கூறினர். சட்டமன்றத் தேர்தல் மட்டுமே நடந்திருந்தால் இரண்டாம் விடை வெளிப்பட வழியே இருந்திராது. கட்சிக்கு அளித்த வாக்கைக் கொள்கைக்கு அளித்த வாக்காகக் கணக்கிடும் நம் வழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எனினும் கேள்வியை எழுதுபவர் கையில் பாதி விடை இருக்கிறது. இதற்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். எங்கள் நேமத்தான்பட்டியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களுக்கு அஃது அயலூரன்று. கொண்டுவிக்கப் போனவர்கள் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு வாழ்ந்த ஊர். அங்கே 1962 செப்டம்பர் 1இல், மலேசியக் கூட்டாட்சியில் சேர்வது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று விடைகள். மூன்றுமே 'சேர்வோம்' என்பன. எந்த நிபந்தனையில் என்பதே வேறுபாடு. 'சேரவேண்டாம்' என்பதற்குக் கட்டமே கிடையாது. அரசு விரும்பிய முதல் விடைக்குப் பக்கத்தில் சிங்கப்பூர்க் கொடியையே அச்சிட்டிருந்தனர். எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ், வெற்றுச் சீட்டைப் போடுங்கள் என்றது. நூற்றுக்கு 71 பேர் முதல் விடைக்கு வாக்களித்தனர். நாலில் ஒரு பங்கினர் வெற்றுச் சீட்டுப் போட்டனர். கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் சொன்ன விடை அது எனலாம். 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் பிரிந்தபோதோ மக்களை எவரும் கேட்கவில்லை.

சிக்கிமில் வேறொரு வகை. 1975 ஏப்ரல் 14 வாக்கெடுப்பில், மன்னராட்சியை ஒழிப்பதையும் இந்தியாவின் உறுப்பாவதையும் ஒரே கேள்வியாகக் கட்டிவைத்தனர். ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க நினைத்தவர் என் செய்வார்?

கேள்விக்கான வாக்கை ஆளுக்கான வாக்கின் இடத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதை இலங்கை காட்டிற்று. 1977 தேர்தலில் ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. அடுத்த பொதுத்தேர்தல் நடக்கவேண்டிய காலத்தில், தேர்தலுக்குப் பதிலாக, அதே நாடாளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22இல் மக்களைக் கேட்டனர். நெருக்கடி நிலை நடப்பிலிருந்த நேரம் அது. 'ஆம்' என்பதற்கு விளக்கு. 'இல்லை' என்பதற்குக் குடம். விளக்குக்குக் கிடைத்தது நூற்றுக்கு 54.66. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர் குடத்துக்கே வாக்களித்தனர். அதனால் பயன் இல்லை. கணக்கைக் கவனியுங்கள். அந்த 54.66 பங்கினரை வைத்துப் பொதுத்தேர்தல் நடத்தியிருந்தால், விகிதாசார முறைப்படி ஆளுங்கட்சிக்குச் சற்றேறக்குறைய பாதி இடங்களே கிட்டியிருக்கும். நீட்டிப்பின் பயனாக ஆறில் ஐந்து பங்கு இடங்கள் அப்படியே நிலைத்தன. குடத்துக்கு வாக்களித்த 45 பங்கினருக்கு ஓர் உறுப்பினர்கூடக் கூடவில்லை. பொதுத்தேர்தலில் தோற்றவனுக்கும் நாற்காலி உண்டு. பொது வாக்கெடுப்பில் தோற்றவனுக்கு எதுவும் இல்லை.

யாரைக் கேட்பது என்பதும் ஒரு சிக்கலே. எங்கள் பக்கத்து நகரத்தார் கோயில் வரியைத் தலைக்கணக்கில் போடுவதில்லை. திருமணமானவர் குடும்பத்தை ஒரு 'புள்ளி'யாக எண்ணிப் போடுவர். புதுச்சேரி இந்தியாவுடன் சேர்ந்தபோது எண்ணியதும் ஏறத்தாழ இப்படித்தான். மக்கள் இசைவின்றி நிலத்தை விட்டுக்கொடுக்கலாகாது என்பது பிரெஞ்சு அரசியற் சட்டம். எனினும் ஒவ்வொருவரையும் கேட்கவில்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. அந்நேரத்துக்கு அது போதும் என்று இரு அரசுகளும் கொண்டன.

நம் அரசியற் சட்டத்தில் பொது வாக்கெடுப்புக்கு நிலையான இடம் இல்லை. மாநில எல்லைகளை மாற்றுவதுகூட 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் உரிமை. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்கவேண்டியதில்லை. ஒரு முறை கதவு திறக்க இருந்தது. நெருக்கடி நிலைக்குப் பின் வந்த ஜனதா அரசு, 1978இல் கொண்டுவந்த 45ஆவது திருத்த மசோதாவில், அடிப்படை உரிமைகளைக் குறைப்பது, நீதிமன்றச் சுதந்திரத்தைக் கெடுப்பது போன்ற திருத்தங்களுக்கு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும் என்று எழுதியது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை அப்பகுதியை நீக்கிவிட்டது. எஞ்சியதே 44ஆவது திருத்தமாயிற்று.

நீக்கியதற்காக வருந்துவோர் உளர். நான் அம்மசோதாவின் ஒரு வரியில் தயங்கி நிற்கிறேன். வாக்காளரில் நூற்றுக்கு 51 பேரேனும் வாக்களித்திருக்க வேண்டும், வாக்களித்தவரில் பெரும்பான்மை 'ஆம்' என்றிருக்க வேண்டும் என்பது அது விதித்த அளவு. அதாவது, நூறு பேரில் 26 பேர் இசைந்தால் எஞ்சிய 74 பேரின் அடிப்படை உரிமையிலும் கைவைக்கலாம்.