கணக்கு எங்கே நின்றது?

பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்த முதல் பருவத்திலேயே வீட்டுக் கணக்குகளில் திணறுகிறது. வகுப்பில் நடத்தும்போது புரிகிறது. விடுதி அறைக்கு வந்து தாளை விரித்தால் கை ஓடுவதில்லை. "எனக்கு இயற்பியல் வராது போலிருக்கிறது, வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். முதல் பருவத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். இந்தத் திணறல் மிகப் பரவலானது, காரணமும் தெளிவானது.

பள்ளித் தேர்வில் கணக்கு என்றால் பெரும்பாலும் ஒரு சூத்திரம், அதில் போட இரண்டு மூன்று எண்கள். சூத்திரம் நினைவிலிருந்தால் விடை வந்துவிடும். கல்லூரியில் அப்படியில்லை. எந்த விதி பொருந்தும், எது பொருந்தாது என்று முடிவு செய்வதே பாதி வேலை. அந்தப் பயிற்சியை இதுவரை யாரும் தரவில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குக் கேள்வியின் ஆங்கிலத்தைப் பிரித்துப் படிக்கும் சுமையும் சேர்கிறது. இயக்கவியலுக்குத் தேவையான வகைநுண்கணிதமும் வெக்டரும் துணைப்பாடக் கணித வகுப்பில் பின்னால்தான் வரும் என்றால், இயற்பியல் புரிந்தும் கணக்கு நின்றுவிடும். எனவே, நீங்கள் நிற்பது இயற்பியலிலா, கணிதத்திலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

சில அறிகுறிகளை நீங்களே கவனிக்கலாம். தீர்வைப் படித்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது, மூடிவிட்டு எழுதினால் இரண்டாம் வரி வருவதில்லை. படம் வரையாமல் தொடங்குகிறீர்கள். கேள்வியில் உள்ள எண்களை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறீர்கள். கேள்வியில் கொடுத்த எல்லா எண்ணையும் எப்படியாவது பயன்படுத்தியாக வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தக் கடைசி அறிகுறி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

30 டிகிரி சாய்தளம். 2 கிலோ நிறையுள்ள திண்மக் கோளம் நழுவாமல் உருண்டு இறங்குகிறது. உராய்வுக் குணகம் 0.4. முடுக்கம் என்ன? முதலாண்டு மாணவர் பலர் உராய்வு விசையை, குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி 6.8 நியூட்டன் என்று எழுதுவார்கள். சாய்தளம் வழியே கீழிழுக்கும் 9.8 நியூட்டனிலிருந்து அதைக் கழித்து, நிறையால் வகுத்து, முடுக்கம் 1.5 மீ/வி² என்று முடிப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், விடை தவறு.

பிழை எங்கே? நழுவாமல் உருளும்போது தளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கிறது. அங்கே இருப்பது ஓய்வுநிலை உராய்வு (பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதபோது உள்ள உராய்வு). அது தேவையான அளவுக்குத்தான் எழும். 6.8 நியூட்டன் என்பது அதன் உச்ச வரம்பு மட்டுமே. ஆகவே உராய்வைத் தெரியாத விசையாக வைத்துக்கொண்டு இரண்டு சமன்பாடுகள் எழுத வேண்டும். ஒன்று கோளத்தின் மையம் இறங்குவதற்கு. மற்றொன்று அது சுழல்வதற்கு. இரண்டாவதில் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு) வரும். தீர்த்தால் முடுக்கம் 3.5 மீ/வி². உராய்வு 2.8 நியூட்டன்தான். 0.4 என்ற எண் முடுக்கத்துக்குத் தேவைப்படவே இல்லை. கோளம் நழுவாது என்று உறுதி செய்துகொள்ள மட்டுமே உதவுகிறது.

விடை சரியா என்று கேட்க யாரிடமும் போக வேண்டியதில்லை. 1 மீட்டர் உயரம் இறங்கினால் வேகத்தின் இருமடி என்ன என்று ஆற்றல் அழிவின்மையைக் கொண்டு போட்டுப் பாருங்கள்: 14 வரும். 3.5 மீ/வி² முடுக்கத்தில் சாய்தளம் வழியே 2 மீட்டர் வந்தாலும் அதே 14. இரண்டு வழியும் ஒரே இடத்தில் சேர்வதைத் தன் கையால் பார்த்த மாணவருக்கு வரும் தெம்பை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விடைத்தாளைப் பார்த்து எழுதியவருக்கு அது கிடைப்பதில்லை.

இனி உதவி கேட்பது. முதலில் அரை மணி நேரமாவது தனியாக உட்காருங்கள். தனித்த பொருளின் விசைப்படம் (ஒரு பொருளின்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகக் காட்டும் படம்) வரையுங்கள். எண்களைக் கடைசி வரிவரை போடாமல் எழுத்துகளிலேயே கொண்டு செல்லுங்கள். அலகு சரியா, கோணம் பூச்சியமானால் விடையும் பூச்சியமாகிறதா என்று பார்க்க அப்போதுதான் முடியும். அதன் பிறகும் நகரவில்லை என்றால், நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கேளுங்கள்.

"சார், இந்தக் கணக்கு வரவில்லை" என்றால் ஆசிரியர் முழுவதையும் பலகையில் போட்டுக்காட்டுவார். நீங்கள் தலையாட்டிவிட்டு வருவீர்கள். "சார், விசைப்படம் வரைந்தேன், முதல் சமன்பாடு எழுதினேன், உராய்வு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே நிமிடத்தில் உங்களுக்கு வேண்டியது மட்டும் கிடைக்கும். வகுப்புத் தோழர்களிடம் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் அவர்கள் நோட்டை வாங்காதீர்கள், வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பவருக்கும் அது நல்லது.

சில குறுக்கு வழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் விடைப் படத்தைப் பார்த்து எழுதினால் அகமதிப்பீட்டு மதிப்பெண் வரலாம். ஜாம் போன்ற முதுகலை நுழைவுத் தேர்வில் அது கைகொடுக்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தவறான படியையும் சரளமாகவே எழுதும். அவற்றிடம் கேட்பதானால் அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கேளுங்கள், அதையும் அலகு வைத்துச் சோதியுங்கள். கடினமான புத்தகத்தில் தொடங்கினால் சீக்கிரம் தேறலாம் என்று சீனியர்கள் இரோடவ் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். அது அருமையான தொகுப்பு, ஆனால் தொடக்கத்துக்கு உரியதல்ல. ஹாலிடே, ரெஸ்னிக் புத்தகத்தில் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு விடை பின்னால் இருக்கிறது, அவற்றில் தொடங்குங்கள். பாடமே புரியவில்லை என்றால் என்.பி.டி.இ.எல். காணொலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் காணொலி பார்ப்பது கணக்குப் போட்டதாகாது.

உதவி கிடைத்த மறுநாள், அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை முதலிலிருந்து போடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். மீண்டும் நின்றால், நேற்று நின்ற இடமா, புதிய இடமா என்று பாருங்கள். புதிய இடம் என்றால் முன்னேறுகிறீர்கள். மூன்று நான்கு வாரமாகியும் ஒவ்வொரு கணக்கும் தொகையீட்டிலோ வெக்டரைப் பிரிப்பதிலோதான் நிற்கிறது என்றால், இயற்பியல் கணக்குகளை ஒரு வாரம் ஒதுக்கிவைத்து அந்தக் கணிதத்தை மட்டும் செய்யுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று: டியூஷன் வைப்பதற்கு முன், துறையில் பேராசிரியரை எந்த நேரத்தில் பார்க்க முடியும் என்று பிள்ளை கேட்டதுண்டா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கேட்டிருக்காது. தயங்கித் தயங்கி நிற்கும். போகும்போது அடித்துத் திருத்திய தாள்களைக் கிழித்துப் போடாமல் கொண்டு போகச் சொல்லுங்கள். ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.