கூட்டு வட்டியில் காலத்தைக் காணல்: மடக்கையின் பிரயோகம்

முதல், வட்டி வீதம், காலம் என்பன தரப்படின் கூட்டு வட்டியில் தொகையைக் காண நீங்கள் அறிவீர்கள். தொகை தரப்பட்டுக் காலம் வினவப்படின், தெரியாக் கணியம் சுட்டியாக அமையும். அதைக் காண மடக்கை உதவும்.

தேவையான விதி:
ஒரு வலுவின் மடக்கை = சுட்டி × அடியெண்ணின் மடக்கை
உ+ம்: மட 2³ = 3 மட 2
(இங்கு மட என்பது 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கை ஆகும்.)

உதாரணம்
வியாபாரி ஒருவர் ஆண்டுக்கு 12% கூட்டு வட்டிக்கு ரூபா 50 000 கடன் பெறுகிறார். வட்டி ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் சேர்க்கப்படும். அவர் எதனையும் செலுத்தாவிடின், எத்தனையாவது ஆண்டின் இறுதியில் கடன் முதன்முறையாக ரூபா 100 000 ஐ விஞ்சும்?

தீர்வு
ஓர் ஆண்டில் கடன் 1.12 மடங்காகும். ந ஆண்டுகளில் இரு மடங்காகும் என்க.
50 000 × (1.12 இன் ந ஆம் வலு) = 100 000
1.12 இன் ந ஆம் வலு = 2
ந × மட 1.12 = மட 2
ந = 0.3010 ÷ 0.0492 ≈ 6.12
∴ 7 ஆம் ஆண்டின் இறுதியில் விஞ்சும்.

சரிபார்த்தல்
6 ஆம் ஆண்டின் இறுதியில் கடன் ஏறத்தாழ ரூபா 98 691.
7 ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ ரூபா 110 534.

கவனிக்குக
1. 6.12 ஐ மட்டந்தட்டி 6 என எழுதுவது பிழை. வட்டி ஆண்டிறுதியிலேயே சேர்க்கப்படுவதால் அடுத்த முழுவெண்ணே விடையாகும்.
2. மட 2 ஐ மட 1.12 ஆல் வகுக்க வேண்டும், கழிக்கக் கூடாது. மட 2 − மட 1.12 என்பது (2 ÷ 1.12) இன் மடக்கையாகும்.
3. இரண்டாம் படியில் 50 000 நீங்கிவிட்டது. எனவே கடன் சிறிதாயினும் பெரிதாயினும் இதே வீதத்தில் இரட்டிப்பதற்கான காலம் மாறாது.
4. இதே வீதத்தில் எளிய வட்டியெனின் இரட்டிக்க 100 ÷ 12, அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். கடன் பத்திரத்தில் வட்டியின் வகையையும் பார்க்க வேண்டியது இதனாலேயே.

பயிற்சி
1. ரூபா 20 000 ஆண்டுக்கு 10% கூட்டு வட்டிக்கு வைப்பிலிடப்படுகிறது. எத்தனையாவது ஆண்டின் இறுதியில் தொகை முதன்முறையாக ரூபா 30 000 ஐ விஞ்சும்? (மட 1.5 = 0.1761, மட 1.1 = 0.0414)
2. மேலுள்ள உதாரணத்தில் வட்டி வீதம் 24% எனின் விடை யாது? (மட 1.24 = 0.0934)

விடைகள்
1. 5 ஆம் ஆண்டு (ந ≈ 4.25)
2. 4 ஆம் ஆண்டு (ந ≈ 3.22)