டிரம்பெட்டும் அதன் ஊதுவாயும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. மிஞ்சிய அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால்கூட அம்மொழி பொய்க்காது என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

என் தந்தையார் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். திருமணம், திருவிழா, சாவு ஊர்வலம் என்று அழைப்பு வரும் நாள்களில் டிரம்பெட். மற்ற நாள்களில் தச்சு வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, அவருக்கு ஒரு புதிய மவுத்பீஸ், அதாவது ஊதுவாய், வாங்கித் தர விரும்பினேன். அவருடைய பழைய ஊதுவாய் முலாம் தேய்ந்து, எண்ணும் அழிந்து கிடந்தது.

கடையில் 7சி, 1½சி என்ற இரண்டைக் காட்டினார்கள். கிண்ணம் சிறிதானால் மேல் சுரங்கள் எளிதில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏழைவிட ஒன்றரை சிறியதுதானே என்று கருதி 1½சியை வாங்கி வந்தேன். பெற்ற தந்தையிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை!

திருவிழாவில் இரண்டு இரவுகள் அதை வைத்து வாசித்தார். இரண்டாம் இரவு, நடு வீதியில் உதடு தளர்ந்து மேல் சுரம் வரவில்லை. மூத்தவர் வாசிக்கும் பகுதியை இளையவர் ஒருவர் வாசித்து முடித்தார். வீட்டுக்கு வந்தவர், "வயசாகிவிட்டது தம்பி, இனி உதடு தாங்காது" என்று மட்டும் சொன்னார். நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே, "நல்ல சாமான்தான். ஆனால் கால் நூல் அகலம் கூட இருக்கும் போலிருக்கிறது" என்றார்.

மறுநாள் இரண்டையும் கல்லூரி ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்றேன். பேராசிரியரின் அனுமதியோடு வெர்னியர் அளவியால் கிண்ணத்தின் உள்விட்டத்தை அளந்தேன். பழையது 16.2 மி.மீ.; புதியது 17.0 மி.மீ. வேறுபாடு 0.8 மி.மீ. தச்சர் கணக்கில் ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கால் நூல் என்பது ஏறத்தாழ 0.8 மி.மீ.தான்! பரப்பைக் கணக்கிட்டால், கிண்ணத்துக்குள் அதிரும் உதட்டுக்குப் பத்து விழுக்காடு கூடுதல் இடம். இரவு முழுதும் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குவது உதட்டுத் தசையே.

எண்ணின் மர்மம்

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற டிரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக், 1918இல் நியூயார்க்கில் ஊதுவாய் செய்யத் தொடங்கினார். அவர் முறையில் எண் குறையக் குறைய விட்டம் கூடும். எழுத்து ஆழத்தைக் குறிக்கும்: ஏ மிக ஆழம், சி நடுத்தரம், எஃப் மிக ஆழமற்றது. யமஹா முறை இதற்கு நேர் எதிர். அங்கே எண் கூடினால் விட்டம் கூடும்; ஏ என்பதே ஆழமற்றது. ஆகவே எந்த நிறுவனத்தின் எண் என்று அறியாமல் எண்ணை மட்டும் படிப்பது பயன் தராது.

இயற்பியல் கூறுவது

ஒரு முனை மூடிய உருளைக் குழாயில் 1, 3, 5 என்ற விகித அதிர்வுகளே எழும் என்பதை நாம் அறிவோம். உதடு வைத்த டிரம்பெட்டும் ஒரு முனை மூடிய குழாயே. ஆயினும் ஏறத்தாழ 148 செ.மீ. நீளமுள்ள பி ஃபிளாட் டிரம்பெட்டில் 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் சுரங்கள் எழுகின்றன. விரிந்த மணிவாயும் ஊதுவாயும் சேர்ந்தே அதிர்வெண்களை இவ்வாறு இடம் மாற்றுகின்றன. ஊதுவாயின் கிண்ணத்தில் அடங்கும் காற்றும், சுமார் 3.7 மி.மீ. அகலமுள்ள தொண்டைத் துளையும் சேர்ந்து ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வியாகும். ஊதுவாயின் விளிம்பை உள்ளங்கையால் தட்டினால் 'பொக்' என்று கேட்பது அதன் சுரமே. ஆழமான கிண்ணத்தில் அச்சுரம் தாழும், நாதம் கனக்கும். ஆழமற்ற கிண்ணத்தில் ஒலி கூர்மையாகி, மேல் சுரங்களுக்குத் துணை கிடைக்கும்.

தேர்வு செய்யும் முறை

1. புதிதாகப் பழகுவோர் நடுத்தர அளவில் தொடங்குவது நலம். பாக் முறையில் 7சி அத்தகையது.

2. மாற்றும்போது விட்டம், ஆழம் இரண்டையும் ஒருசேர மாற்றலாகாது. ஒன்றை மாற்றினால்தான் பலன் எதனால் வந்தது என்று தெரியும். சோதனைச் சாலையில் நாம் கடைப்பிடிக்கும் விதியும் இதுவே அன்றோ?

3. கடையில் இரண்டு சுரம் ஊதி முடிவு செய்யற்க. உதடு களைத்த பின்னரும் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க வேண்டும். சில நாள் பழகிப் பார்ப்பது சிறந்தது.

4. கார்னெட்டின் ஊதுவாய்த் தண்டு டிரம்பெட்டினுடையதைவிட மெல்லியது. செருகியபின் ஆடினால் அது பொருந்தாது.

5. பொறித்த எண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கவும்.

முலாம் பூசுபவரிடம் கொடுத்து, தந்தையாரின் பழைய ஊதுவாய்க்கே வெள்ளி முலாம் பூசி வாங்கினேன். அடுத்து வந்த திருவிழாவில், அதே வீதியில், மேல் சுரத்தை அவரே வாசித்தார். நான் கூட்டத்தில் நின்று கேட்டேன். வயதாகிவிட்டது என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

அந்த 1½சி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அது கெட்ட பொருளன்று. வேறொருவர் உதட்டுக்கு ஏற்றது. வெர்னியர் அளவி பிடிக்கக் கல்லூரி எனக்குக் கற்றுத் தந்தது. அளவி இல்லாமலே அந்த அளவை என் தந்தையார் அறிந்திருந்தார். நண்பர்களே, வீட்டாருக்கு ஒரு கருவி வாங்குமுன், அதைக் கையாளப் போகிறவரை முதலில் கேளுங்கள். பிறகு அளந்து பாருங்கள்.