யேகோவாயீரே ஓர் இடத்தின் பெயர்

கர்த்தருக்குள் அன்பான தம்பி,

நீ எழுதி அனுப்பிய 'திருநாமமாலை' கீர்த்தனையைப் படித்தேன், ஆர்மோனியத்தில் வைத்துப் பாடியும் பார்த்தேன். ஏழு சரணம், சரணத்துக்கு ஒரு நாமம். மோகனம் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. எதுகை, மோனை, தாளக்கட்டு பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் சரணத்துக்கு வந்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அதை உன்னிடம் மறைப்பானேன்?

யேகோவாயீரே வீடு தருவார், வேலை தருவார், விசாவும் தருவார் என்று அடுக்கியிருக்கிறாய். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். ஆபிரகாம் அந்தப் பெயரை இடத்துக்கு வைத்தான். மகனைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, புதரில் கொம்பு சிக்கிய கடாவைப் பலியிட்டுவிட்டு, நின்ற மண்ணுக்கு இட்ட பெயர் அது. யேகோவாநிசி மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். யேகோவாஷாலோம் ஒப்ராவில் கிதியோன் கட்டிய பலிபீடம். யேகோவா ஷம்மா எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரம். உன் ஏழில் நாலு, இப்படித் தரையில் கிடக்கிற பெயர்கள். நீ அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து மருந்துக்கடை அலமாரியில் வைத்த மாதிரி வைத்துவிட்டாய்: பணத்துக்கு இது, காய்ச்சலுக்கு இது, பயத்துக்கு இது.

அந்தத் தரை எப்படிப்பட்டது என்பதையாவது பார்த்தாயா? கிதியோன் மீதியானியருக்குப் பயந்து, களத்தில் அடிக்க வேண்டிய கோதுமையை ஆலைக்குப் பக்கத்தில் மறைவாக அடித்துக்கொண்டிருந்தவன். பலிபீடத்துக்குச் சமாதானம் என்று அவன் பெயர் வைத்தபோது சண்டையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. மோசேயின் பலிபீடம் எழும்பியது, கை ஓய்ந்துபோய் ஆரோனும் ஊர் என்பவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்த யுத்தத்துக்குப் பிறகு. இதெல்லாம் உன் சரணங்களில் எங்கே? எல்லாரும் சிரித்தமுகமாக நிற்கிறார்கள்.

இடப்பெயர்கள் எனக்கு ஒரு பித்து என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு அது வராமலும் போகாது. 1799-இல், கிறிஸ்தவர்களானதற்காக அடிபட்ட குடும்பங்கள் ஒதுங்குவதற்கென்று சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி ஒரு குடியிருப்பு உண்டாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் முதலூர். அலங்காரம் எதுவும் இல்லை. முதல் ஊர், அதனால் முதலூர். (இப்போது கேட்டால் மஸ்கோத் அல்வா கிடைக்கும் ஊர் என்பார்கள். அதுவும் நல்ல அல்வாதான்.) பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று வரிசையாக வந்தன. ஓடிவந்தவர்கள் கால் ஊன்றின இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஆபிரகாம் செய்ததும் அதுதானே?

எங்கள் ஆச்சிக்கு எபிரெய நாமம் ஒன்றுகூடத் தெரியாது. சாட்சி சொல்ல எழுந்தால், "பேய்க்குளம் விலக்குல கடைசி பஸ்ஸ விட்டுட்டு, கைப்பிள்ளையோட நின்னேன் பாருங்க, அங்க வச்சுக் கர்த்தர்..." என்று ஆரம்பிப்பாள். எந்த விலக்கு, எந்த மாதம், பிள்ளைக்கு அப்போது என்ன காய்ச்சல் என்பதுவரை வரும். உபதேசியார் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆச்சி லட்சியம் பண்ண மாட்டாள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) பெத்லகேமைப் பாட வந்தபோது குறவஞ்சியைத்தான் எடுத்துக்கொண்டார். மலையும் நாடும் ஊரும் சொல்லாமல் எந்தக் குறத்தி குறி சொல்லுவாள்?

இன்னொரு குறை, எல்ஷடாய். நான்காம் சரணத்தில் அதைக் கைதட்டலுக்கென்றே வைத்திருக்கிறாய். எபிரெய வேதத்தில் ஷடாய் 48 இடத்தில் வருகிறது. அதில் 31 யோபு புத்தகத்தில், சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தவனின் கதையில். ரூத் புத்தகத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறவள் நகோமி. பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போய், புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பி வந்தவள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊரைக் கூட்டி முறையிடுகிறாள். மெல்போர்ன் கிளேட்டனில் நம் ஆராதனைக்கு வருகிறவர்களில் நகோமிகள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாதா? அவர்கள் கைதட்டாமல் இருந்தால் விசுவாசம் குறைச்சல் என்று நினைக்கும்படி உன் பாட்டு இருக்கக் கூடாது.

இவ்வளவு எழுதியும் ஆகாரை விட்டுவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேதத்தில் கர்த்தருக்கே நேராக ஒரு பெயரை முதலில் வைத்தவள் அவள். எகிப்துக்காரி, அடிமை, வயிற்றுப்பிள்ளைக்காரி, சாராயின் கொடுமை தாங்காமல் சூருக்குப் போகிற வழியில் ஓடிவந்தவள். நீர் என்னைக் காண்கிற தேவன் என்கிறாள். அங்கிருந்த துரவுக்கும் அதையொட்டியே பெயர் வந்தது. அவளுக்கு வீடு கிடைத்ததா? இல்லை. திரும்பிப் போ, நாச்சியாரிடம் அடங்கியிரு என்றுதான் உத்தரவு. வாக்குத்தத்தம் இருந்தது. நிலைமை மாறவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பெயரை வைத்தாள்.

கிளேட்டனிலிருந்து நாலாவது ஸ்டேஷன் நோபிள் பார்க். சின்ன வயதில் படகில் வந்து, பத்து வருஷத்துக்கு மேல் பிரிட்ஜிங் என்கிற தற்காலிக விசாவிலேயே கிடந்த நம் தமிழ்ப் பையன் ஒருவன் ஆகஸ்ட் 2024-இல் அங்கே பட்ட தீக்காயத்தால் செத்துப்போனான். விசா தருவார் என்ற உன் வரியை அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பக்கத்தில் நின்று பாட உன்னால் முடியுமா? என்னால் முடியாது. ஆகாருடைய பெயரை வேண்டுமானால் பாடலாம். அதுவும் சத்தமாக அல்ல.

ஆறாம் சரணத்துக்கு வருகிறேன். ராஃபா என்ற நாமத்துக்கு, மோனாஷ் மெடிக்கல் சென்டர் வாசலில் நைட் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸுக்கு நிற்கிற நர்ஸம்மாவை எழுதியிருக்கிறாய். கையில் சானிடைசர் வாடை போகாமலே, உள்ளே விட்டுவந்த நோயாளிக்காக அவள் ஜெபிக்கிறாள். தம்பி, நான் ஆயுசு முழுக்கக் கீர்த்தனை கட்டியும் எனக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லை. அந்த நாமம் பிறந்த மாராவின் கசந்த தண்ணீர் கிளேட்டன் ரோட்டில் வந்து நிற்கிறது. படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். இந்தக் கையா இரண்டாம் சரணத்தையும் எழுதியது?

ஆகவே ஏழு வேண்டாம். எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை, அதையும் வேதமென்றுதான் வாசிக்கிறோம். ஆறாவதை வைத்துக்கொள். ஆகாருக்கு ஒரு சரணம் எழுது, நகோமிக்கு ஒன்று எழுத முடிந்தால் எழுது. மற்றதை நோட்டிலேயே விட்டுவிடு. கடைசியில் எட்டுத் தடவை அல்லேலூயா போட்டு மேல் ஸ்தாயியில் நிறுத்தியிருக்கிறாயே, அதை நாலாக்கு. முன்வரிசை அம்மாமாருக்கு மூச்சு வாங்கும். அசனப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடு. கீபோர்டு வாசிக்கிற பையன் பரீட்சை இருக்கிறது என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உன்,
அண்ணாச்சி
கிளேட்டன்