அண்ணன் அணைத்தாலும் தங்கைக்கு நெட் வரவேண்டும்

அன்புள்ள தம்பி,

நெட்வொர்க் வேலையில் இறங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கோலார் தங்கவயலில் உன்னை முதலில் கூப்பிடப்போவது வீடுகள்தான். "கம்ப்யூட்டர் ரெண்டு ஆயிடுச்சு, நெட்டு ஒண்ணுதான் இருக்கு, ரெண்டுலயும் வரணும்" என்பார்கள். சின்ன வேலை என்று நினைத்துவிடாதே. அந்த வீட்டில் யார் படிக்கலாம், யார் காத்திருக்கவேண்டும் என்பது நீ ஒயர் போடும் விதத்தில் இருக்கிறது.

யாருக்கு முதலில் என்ற கேள்வி தங்கவயலுக்குப் பழசு. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905இல்தான் வந்தது. ஆனால் இங்கே வந்த மின்சாரம் சுரங்கத்துக்காக வந்தது, தொழிலாளர்களின் லைன் வீட்டுக்காக அல்ல. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு மாரிகுப்பத்தில் விடியலில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயில்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2020இல் கொரோனா ஊரடங்கில் அந்த ரயிலும் நின்றது. பெங்களூர் ஆபீசும் பள்ளிக்கூடமும் ஒரே அறைக்குள் வந்து உட்கார்ந்தன. இரண்டாவது கம்ப்யூட்டர் பல வீடுகளுக்கு அப்படித்தான் வந்தது, பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்.

வேலைக்கு வருகிறேன். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. மோடம் மாட்டிய கம்ப்யூட்டருக்கு 192.168.0.1 என்ற முகவரி. அதிலிருந்து ஒரு கிராஸ் கேபிள் இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போகும். கேபிளின் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி கிரிம்ப் செய்யவேண்டும். ரவுட்டர் வாங்க முடியாத காலத்தில் அது பெரிய உபகாரம். அதில் ஒரு குறை உண்டு: முதல் கம்ப்யூட்டர் ஓடினால்தான் இரண்டாவதற்கு நெட். அண்ணன் வேலையை முடித்து அணைத்துவிட்டுத் தூங்கப்போனால், பரீட்சைக்குப் படிக்கும் தங்கையின் திரையும் நின்றுவிடும். இந்த வசதி விண்டோஸில் இன்றும் இருக்கிறது; 192.168.137.1 என்று முகவரி மட்டும் மாறியிருக்கிறது. சுலபமாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு வந்துவிடாதே. வேறு வழியே இல்லாத வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள். போன் ஹாட்ஸ்பாட்டும் இதே கதைதான். அப்பா போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீடே நின்றுவிடும்.

அப்படியானால் ரவுட்டர் வாங்கச் சொல்லலாமா? பொறு. ஏற்கெனவே சுவரில் இருக்கும் பெட்டியைத் திருப்பிப் பார். 2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த காலத்திலிருந்து இன்றைய ஃபைபர் பெட்டி வரை ஒரே குழப்பம்தான் தொடர்கிறது. பெட்டி 'பிரிட்ஜ்' முறையில் இருந்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டு இணைப்பை எழுப்புவது கம்ப்யூட்டர். அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நெட் கிடைக்கும். அதே பெட்டியை 'ரவுட்டிங்' முறைக்கு மாற்றி, யூசர்நேமைப் பெட்டிக்குள்ளேயே எழுதிவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரையும் எதிர்பார்க்காமல் அதுவே இணைப்பை வைத்திருக்கும். பல பெட்டிகளில் பின்னால் இரண்டு மூன்று போர்ட் சும்மா கிடக்கும். பைசா செலவில்லாமல் வேலை முடியும். பழைய மோடத்தில் ஒரே போர்ட் என்றால், ஒரு சின்ன ஸ்விட்ச் போதும். செலவில்லாத வழி இருக்கும்போது பொருளை விற்காதே தம்பி. ஓய்வூதியக் கணக்குக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்த வீடுகள் இவை.

பெட்டி உள்ளே என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள். உலகத்தில் மொத்தம் சுமார் 430 கோடி ஐபிவி4 முகவரிகள்தான். வீட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். சில கம்பெனிகள் அதையும் பல வீடுகளுக்குச் சேர்த்துத்தான் தருகின்றன. ஒரு லைனுக்கே ஒரு தபால்பெட்டி வைத்த மாதிரி. எந்தக் கம்ப்யூட்டர் எதைக் கேட்டது என்பதைப் போர்ட் எண்ணோடு குறித்துவைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பது ரவுட்டரின் வேலை. உள்ளே பயன்படுத்த 192.168 என்று தொடங்கும் முகவரிகளை 1994லேயே ஒதுக்கிவிட்டார்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் அதே முகவரிகளைத்தான் பயன்படுத்துகின்றன; ஆகவே இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைக்க நேர்ந்தால், முதலில் அதன் முகவரியை மாற்றி, மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அதில் அணைத்து, பிறகு கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகு. முகவரி கொடுப்பவர் வீட்டுக்கு ஒருவர்தான் இருக்கவேண்டும்.

கேபிள் விஷயத்தில் கறாராக இரு. மலிவாகக் கிடைப்பதில் பல, செம்பு பூசிய அலுமினியம். பிளேடால் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடு. அந்தக் கம்பி சில முறை வளைத்தாலே உடையக்கூடும். தகர ஷீட் தடுப்பு இருக்கும் வீட்டில் வைஃபையை நம்பாதே, தகரத்தைத் தாண்டி சிக்னல் சரியாகப் போகாது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒயரே போடு. பெட்டியைத் தரையில் வைக்காதே. சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மாவு போன்ற தூசி எதற்குள்ளும் புகுந்துவிடும். காற்றுத் துளை கீழே பார்க்க, ஆள் உயரத்தில் சுவரில் மாட்டு.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு ஒயர் இழுக்கச் சொல்வார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் பாசம் எனக்குத் தெரியும், சுவருக்குச் சுவர் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் கோடை மழையில் இடி இறங்கினால் வெளியே போகும் செம்புக் கம்பி இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டரையும் கொண்டுபோய்விடும். காசு வாங்கி இணைப்பைப் பிரித்துக் கொடுப்பதற்கு அரசு விதிகள் உண்டு. அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் கேள்வி கேட்பது யார் பெயரில் பில் வருகிறதோ அவரைத்தான். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அண்ணன் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது தங்கையின் கம்ப்யூட்டர் ஃபோட்டோக்களை மேலே ஏற்றத் தொடங்கினால், அவன் குரல் விட்டுவிட்டுப் போகும். வேகமான பிளானுக்கு மாறச் சொல்வார்கள். அதற்கு முன் ரவுட்டரில் அப்லோட் வரம்பைப் பார். உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டிவைத்தால் பெட்டிக்குள் காத்திருக்கும் தரவின் வரிசை நீளாது, இருவரும் வேலை செய்யலாம். சில ரவுட்டரில் இந்த வசதியே இருக்காது; அப்போது ஏற்றும் வேலையை ராத்திரிக்கு மாற்றிவை.

அட்மின் பாஸ்வேர்டை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. தமிழிலும் இங்கிலீஷிலும் தெளிவாக எழுதி அந்த வீட்டு அம்மாவிடம் கொடு. நாளைக்கு நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாலும் அவர்கள் யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை.

கிளம்பும் முன் ஒரு கம்ப்யூட்டரை முழுசாக அணைத்துவிட்டு மற்றதில் ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார். பிறகு மாற்றி அணைத்துப் பார். இரண்டு தடவையும் திறந்தால் கூலியை வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்