உடன் பயின்றவரின் புகழுரை

கேள்வி: ஒரு குழுவினர் தம்முள் ஒருவரைப் புகழ்ந்து எழுதுவது தமிழில் பழைய வழக்கமா? (வாசகர், குன்றத்தூர்)

பதில்: மிகப் பழையது. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்வது பொதுவாகத் தகாது என்னும் நன்னூல், நூலின் முன்னுரையான சிறப்புப்பாயிரம் தருவதற்கு உரியவராக அவருடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரைச் சொல்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. அவர் வெறுமனே போற்றவில்லை. தமிழ் வழங்கிய எல்லை, நூல் அரங்கேறிய பாண்டியன் அவை, அங்கே கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசான் என விவரங்களையும் பதிந்தார். நல்ல புகழுரைக்கு இதுவே இலக்கணம்.

உங்கள் ஊரிலேயே இவ்வழக்கத்துக்குச் சான்று உண்டு. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அடியார்களின் புகழைப் பெரியபுராணமாகப் பாடினார். பின்வந்த அடியார் கூட்டம் அவரையே பாடியது: சேக்கிழார் புராணம் உமாபதி சிவம் இயற்றியதாகக் கருதப்படுகிறது, சேக்கிழார் பிள்ளைத்தமிழை 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இயற்றினார்.